உப்புமூட்டை ஆன்லைன்ல இருக்கா

ஆகஸ்ட் 18, ஞாயிறு

துறைமுக ஆஸ்பத்திரி டாக்டர் தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். என்ன எழுதுவது என்று கேட்டேன். "மனசுல இருக்கறத எழுதுங்க இனிகோ" என்றார். மனதில் இருப்பது இதுதான்: இரண்டாம் நம்பர் கிரேனில் பிரேக் லைனிங் தேய்ந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

அவள் போன மாதம் மதுரையில் இறந்தாள். இதய வால்வு ஆபரேஷன். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. அடக்கத்துக்குப் பிறகு கல்லறைத் தோட்டம் பக்கம் போகவில்லை. ஷிப்ட் சரிப்படவில்லை.

ஆகஸ்ட் 21

தோசை மாவு ஃபிரிட்ஜில் பொங்கி வழிந்திருந்தது. கடை மாவுதான். கொட்டினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கல்லறைக் கல் வெட்டுகிறவர் போன் செய்தார். "சார், கல்லு பாலிஷ் போட்டு ரெடியா கெடக்கு. பேரச் சொன்னீங்கன்னா வெட்ட ஆரம்பிச்சிருவேன்."

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அத்தை வந்தார், அவளுடைய அம்மா. கையில் நெத்திலிக் குழம்பு. உட்காரக்கூட இல்லை.

"நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாளுய்யா. ஊரே மெழுகுதிரி கொளுத்த வரும். எல்லாக் கல்லறையிலயும் பேரு இருக்கும், எம் பிள்ளைக்கு மட்டும் வெறும் மண்ணா கெடக்கணுமா? கட்டுனவன் நீ. பேர நீதான் குடுக்கணும்."

"குடுத்துருதேன் அத்தை."

"வாட்சப்புல அனுப்புனாக்கூட அவரு செஞ்சிருவாராம்."

அதுவும் தெரியும். டைப் செய்து பார்த்தேன். விரல் அவள் பெயரின் முதல் எழுத்துக்கே போகவில்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்ததா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 29

பெருமாள்சாமி அண்ணன் திட்டினார். அவர் எங்கள் சூப்பர்வைசர். கிரேனின் நீட்டுக் கை மேல் நின்று லிமிட் ஸ்விட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழிருந்தே கத்தினார்.

"ஏ இனிகோ! பெல்ட்டு இடுப்புல இருக்கு, கொக்கிய எங்க வே மாட்டிருக்க?"

எங்கும் மாட்டியிருக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றேன். போன வாரமும் அதைத்தான் சொன்னேனாம். மேலே காற்று நன்றாக இருந்தது. கடல் இரும்புத் தகடு மாதிரி கிடந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

சின்ன அறையில் அவளுடைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடலாம், முதலில் உள்ளே இருப்பதை எல்லாம் அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஹெட்செட்டில் ஒரு முடி சிக்கியிருந்தது. அதை எடுக்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டதும் அவள் விளையாடும் கேம் தானே திறந்து, தானே அவள் கணக்குக்குள் நுழைந்தது. பேய் விளையாட்டு. ஆங்கிலத்தில் ஏதோ பெயர். அவள் 'கூப்பிடு தூரம்' என்பாள். அதில் அவளுடைய பெயர் உப்புமூட்டை. தினமும் சாயங்காலம் இந்த அறையிலிருந்து அவள் வீல் வீலென்று அலறுவது தெருமுனை வரை கேட்கும். நான் ஹாலில் உட்கார்ந்து சிரிப்பேன்.

அழிக்கிற இடத்தைத் தேடுவதற்குள் திரையின் மூலையில் எழுத்துகள் ஓடின.

கறுப்புக்குடை: உப்பக்கா???
கறுப்புக்குடை: லிங்கேஸ் ஓடி வா, உப்புமூட்டை ஆன்லைன்ல இருக்கா
கறுப்புக்குடை: அக்கா ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா? ஏன் இத்தன நாளு? நாங்க பயந்தே போயிட்டோம்

அப்போதுதான் புரிந்தது. இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்படி இரண்டு பேர் இருப்பதே எனக்குத் தெரியாது.

நான் அவங்க கணவர், அவங்க ஜூலையில இறந்துட்டாங்க என்று டைப் செய்தேன். சுலபமாகத்தான் இருந்தது, பிரேக்டவுன் ரிப்போர்ட் எழுதுவது மாதிரி.

எழுத்து நின்றுவிட்டது. மேஜைமேல் இருந்த ஹெட்செட்டிலிருந்து மெல்லிய சத்தம் வந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஆண் குரல்.

"பாஸ்... நான் லிங்கேஸ், மலேசியா, ஈப்போலருந்து. கார் ஏர்கான் ரிப்பேர் பண்றவன். நாங்க தெனமும் பேய் புடிக்கிற ஆளுங்க லா. ஆனா உப்பு பேரு பச்சையா எரிஞ்சத பாத்ததும் நெசமா கையில இருந்த ஸ்பேனர கீழ போட்டுட்டேன்."

அழுத பெண் அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "பேயா வந்தாலும் பரவால்ல, அக்கா வந்துட்டாளேன்னு நெனச்சேண்ணே" என்றாள்.

கணக்கை அழிக்கவில்லை. நேரம் ஆகிவிட்டது.

செப்டம்பர் 8, ஞாயிறு

அந்தப் பெண் பெயர் அஃப்ரோஸ், கறுப்புக்குடை அவள்தான். மேலப்பாளையத்தில் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். போன வாரமே சொன்னாள்: "அண்ணே, இந்த கேம்ல கடைசி மாடிய நாங்க இன்னும் தொறக்கல. ஆபரேஷன் முடிச்சுட்டு வாரேன், நான் இல்லாம போனா ரெண்டு பேரையும் கடிச்சு வெச்சிருவேன்னு அக்கா சொல்லிட்டுப் போனா. நீங்க வந்தா தொறப்போம். இல்லாட்டி அப்படியே கெடக்கட்டும்."

எனக்கு விளையாடத் தெரியாது என்று டைப் செய்தேன்.

"அது எங்களுக்கும் தெரியாது பாஸ்" என்றான் லிங்கேஸ். "சாவத்தான் தெரியும்."

இன்று உட்கார்ந்தேன். தீவில் கைவிடப்பட்ட ஒரு ஆஸ்பத்திரி. ஒவ்வொரு மாடியிலும் இறந்துபோன ஒருவர் அலைகிறார். கையில் டார்ச் மட்டும்தான், ஆயுதம் கிடையாது. ஓடினால் துரத்தும். அங்கே கிடக்கும் சாமான்களை வைத்து இறந்தவரின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, அசையாமல் நின்று, நிஜ மைக்கில் நிஜக் குரலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். நாம் நகராமல் நின்றால் அது அமைதியாகி, அந்த மாடி முழுக்க விளக்கு எரியும்.

நான் செத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கழுத்தில்லாத ஒரு நர்ஸ் என் மேல் பாய்ந்தபோது கொட்டாவி வந்தது.

செப்டம்பர் 11

வேலை விட்டு வந்து தனியாக ஒரு ஆட்டம். பேய் எப்படி இயங்குகிறது என்று கவனித்தேன். நான்கு நிலைதான்: சும்மா இருத்தல், கேட்டல், துரத்தல், காத்திருத்தல். நம் கிரேனுக்கு எழுதும் லாஜிக் மாதிரிதான். ஆனால் எழுதினவன் சாமர்த்தியசாலி. பேய் துரத்தும்போது அதன் காலடிச் சத்தம் கேட்பதில்லை. நாம் நின்ற பிறகுதான் கேட்கிறது. அதாவது நாம் நின்றால்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். இதை யோசித்தவனுக்குக் கை கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

"அண்ணே, மைக்க ஆன் பண்ணுங்க" என்றாள் அஃப்ரோஸ். "நீங்க கூப்புடவே மாட்டேங்கீங்க. அதான் செத்துச் செத்து விழுறீங்க."

மைக் கெட்டுப்போச்சு என்று டைப் செய்தேன்.

"கெட்டுப்போன மைக்கோட பேய் ஆஸ்பத்திரிக்கு வந்த மொத ஆளு நீங்கதான் பாஸ்" என்றான் லிங்கேஸ். "ஊமைக்கு ஊமையா பேசிக்குவீங்களா?"

இருவரும் என் பங்குக்கும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். லிங்கேஸ் பேயின் பெயரைக் கடன்காரனைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறான். அஃப்ரோஸ் டோக்கன் வாங்கின நோயாளியைக் கூப்பிடுவது போல. இரண்டுக்கும் பேய் வருகிறது.

அவர்கள் போன பிறகு மைக்கைச் சோதித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 19

அத்தை வந்தபோது ஆட்டத்தின் நடுவில் இருந்தேன். பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. திரையில் கிழவி ஒருத்தி உத்தரத்திலிருந்து தலைகீழாக இறங்கினாள்.

"இயேசுவே! மாதாவே!" ஜெபமாலை கீழே விழுந்தது. "என்னய்யா இது, வீட்டுக்குள்ள சனியன கூப்ட்டு வெச்சிருக்க?"

"வெளாட்டு அத்தை."

"பிள்ள இருந்தப்பவும் இதே சத்தந்தான்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போவார் என்று நினைத்தேன், போகவில்லை. "அந்தா, கதவுக்குப் பொறத்தால நிக்கா பாரு. எடதுபக்கம்யா, எடதுபக்கம்! கண்ணு தெரியலயா ஒனக்கு?"

அத்தை சொன்னது சரி. இடதுபக்கம்தான் நின்றாள். செத்தேன். "இதுக்குத்தான் கல்லறைக்கு வாய்யான்னா வரமாட்டேங்க" என்றார், சம்பந்தமே இல்லாமல். பிறகு கல் விஷயத்தை நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

செப்டம்பர் 25

பயந்தேன்.

லிஃப்டுக்குள் தனியாக இருந்தேன், ஆட்டத்தில். கதவு மூடியது. உள்ளே யாருமில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. அப்போது இடது காதுக்குள், ஹெட்செட்டின் இடது பக்கம் மட்டும், யாரோ மூச்சு விட்டார்கள். அவ்வளவுதான். பாயவில்லை, அலறவில்லை. வெறும் மூச்சு. ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஹாலுக்கு வந்து நின்றேன். நெஞ்சு அடித்த அடி வெளியே கேட்டிருக்கும்.

இப்படி ஒன்று எனக்குள் இன்னும் இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. ஒரு மூச்சுச் சத்தத்தை ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் மட்டும் வைத்த அந்த முகம் தெரியாத ஆளுக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

பிறகு பசித்தது. கடைக்குப் போய்ப் பொரித்த பரோட்டா வாங்கி, சால்னா ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டேன். இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். சால்னாவில் உப்பு கூட.

செப்டம்பர் 27

இரண்டாம் நம்பர் கிரேன். நீட்டுக் கைக்கு ஏறி வழக்கமான இடத்துக்குப் போனேன். குனிந்து கீழே பார்த்தேன். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். லாரிகள் தீப்பெட்டி அளவில் இருந்தன. இத்தனை நாள் எப்படி இங்கே நின்றேன்? பெல்ட்டின் ஒரு கொக்கியை மாட்டினேன். மறு கொக்கியையும் மாட்டினேன். இரண்டையும் இழுத்துப் பார்த்தேன்.

இறங்கியதும் பெருமாள்சாமி அண்ணன் வந்தார். "என்ன வே, இன்னைக்கு ரெண்டு கொக்கியும் போட்டுட்ட?"

"பயமா இருந்துச்சுண்ணே."

ஏதாவது கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "ஒன்ன மேல அனுப்பிட்டு நான் இந்த எடத்த விட்டு நவுந்ததில்ல வே" என்றார். "போயி டீ குடிச்சிட்டு வா. எனக்கும் சேத்துச் சொல்லு."

டீ குடித்தோம்.

அக்டோபர் 6, ஞாயிறு

லிங்கேஸ் தாமதமாக வருவான் என்பதால் நானும் அஃப்ரோஸும் மட்டும். நான் வழக்கம்போல டைப். ஏன் இந்த மாதிரி விளையாட்டு விளையாடுகிறாய் என்று கேட்டேன்.

"எனக்கு திடீர் திடீர்னு நெஞ்சு படபடன்னு வரும்ணே. செத்துருவேன்னு தோணும். ஒன்னுமே இருக்காது, கடையில சும்மா நின்னுட்டிருப்பேன். டாக்டர்ட்ட போறேன், மாத்திரை எடுக்கேன், அத விடல. நானே மாத்திரை விக்கிறவ, விடுவேனா? ஆனா அந்தப் பயத்துக்கு மூஞ்சி கெடயாது. இங்க பேய்க்கு மூஞ்சி இருக்கு, பேரு இருக்கு. பயந்து முடிச்சா லைட்டு எரியுது. பயம் முடியும்னு ஒடம்புக்கு ஒருக்கா காட்டிட்டா, மறுநா கடையில நிக்கது கொஞ்சம் லேசா இருக்கும்."

அவளும் அதற்காகத்தான் விளையாடினாளா என்று டைப் செய்தேன்.

"ஒங்ககிட்ட சொல்லலாமான்னு தெரியலண்ணே. அக்கா ஆபரேஷன நெனச்சு ரொம்பப் பயந்தா. ஒங்க முன்னாடி பயப்பட மாட்டா. அவரு தாங்க மாட்டாரு, ஒடஞ்சிருவாருன்னு சொல்லுவா. அதனால இங்க வந்து கத்துவா. பேய் வராதப்பவும் கத்துவாண்ணே. நானும் லிங்கேஸும் சத்தமில்லாம நிப்போம். கத்தி முடிச்சுட்டு, 'ஹால்ல சிரிக்காரு, பேயப் பாத்துக் கத்துதேன்னு நெனக்காரு, நெனக்கட்டும்'னு அவளும் சிரிப்பா. அது ஏன்க்கா உப்புமூட்டைன்னு பேரு வெச்சேன்னு கேட்டேன் ஒருநா. 'சொமக்கதுக்கு ஆளு இருக்குல்லா, கிரேனே வெச்சிருக்காரு'ன்னா."

லிங்கேஸ் வந்துவிட்டான். ஆட்டம் ஆரம்பித்தோம்.

அக்டோபர் 7

மழை. பிரேக் லைனிங் மாற்றியாச்சு.

அக்டோபர் 9

ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன். சின்ன அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவள் இருந்தபோது உட்காரும் அதே நாற்காலியில். இங்கிருந்து கேட்டால் எல்லாச் சத்தமும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

எவ்வளவு தைரியம் இருந்தால் ஒருத்தி தன் பயத்தை வைக்க இப்படி ஒரு இடம் கண்டுபிடித்திருப்பாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் எனக்குத்தான் கை நடுங்கியது. "ஏசி ஜாஸ்தியா இருக்கு, துண்டப் போத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பழகிக்கொண்டு போயிருக்கிறாள். தினமும் சாயங்காலம் பழகிக்கொண்டு.

அக்டோபர் 13, ஞாயிறு

கடைசி மாடியைத் திறந்தோம்.

மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்தோம். லிங்கேஸ் சுருட்டைக்கூட அணைத்துவிட்டதாகச் சொன்னான். அங்கே அலைவது லிஃப்ட் இயக்கும் ஆள். சட்டை, சாப்பாட்டுத் தூக்கு, பழைய பண்டிகை வாழ்த்து அட்டை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பெயரைக் கண்டுபிடித்தோம். தாமஸ்.

கூப்பிடுவதற்குள் லிங்கேஸ் செத்தான். "அலாமாக்!" என்றான், அத்துடன் அவன் குரல் நின்றது. செத்தவர்கள் பேச்சு உயிரோடு இருப்பவர்களுக்குக் கேட்காது, அது இந்த விளையாட்டின் விதி. என்னைக் காப்பாற்ற வந்து அஃப்ரோஸும் செத்தாள். பாதி வார்த்தையில் அவள் குரலும் நின்றது.

ஹெட்செட்டில் யாரும் இல்லை. நீளமான வராந்தா. தூரத்தில் அந்த ஆள். நான் ஓடவில்லை. டார்ச்சை அணைத்தேன். மைக் பொத்தானை அழுத்தினேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாமஸ்.

வாயைத் திறந்தபோது வந்தது தாமஸ் இல்லை.

விளையாட்டு அதை ஏற்கவில்லை. அவன் ஓர் அடி முன்னால் வந்தான். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் அவள் பெயர்தான் வந்தது. சத்தமாக வந்தது. அவன் முகம் திரையை மறைத்தது. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரை கறுத்து, ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது. அதன் பிறகும் நிறுத்த முடியவில்லை.

தோற்றுவிட்டோம். செத்தவர்களுக்குக் குரல் திரும்பி வந்தது. இருவரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அஃப்ரோஸ் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

கடைசியில் லிங்கேஸ் தொண்டையைக் கனைத்தான். "பாஸ்."

"ம்."

"ஒங்க மைக்கு நல்லாத்தான் லா இருக்கு."

கீபோர்டு நனைந்திருந்தது. பனியன் துணியால் துடைத்தேன்.

அக்டோபர் 14

கல் வெட்டுகிறவருக்கு நானே போன் செய்தேன், வேலை இடத்திலிருந்து. பெயரைச் சொன்னேன். அவர் பின்னால் மிஷின் ஓடுகிறது, கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க சார்!" என்றார். என் பக்கம் கண்டெய்னர் இறங்கும் சத்தம். கத்திச் சொன்னேன். "எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க சார்!" அதையும் கத்தினேன். லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெருமாள்சாமி அண்ணன் வேறு பக்கம் பார்ப்பதாகப் பாவனை செய்தார்.

சாயங்காலம் டாக்டரைப் பார்க்கப் போனேன். எழுதுகிறீர்களா என்றார். எழுதுகிறேன், விளையாடவும் செய்கிறேன் என்றேன். என்ன விளையாட்டு என்று கேட்டார். சொன்னேன். முகத்தைச் சுளிப்பார் என்று பார்த்தேன். "சாப்டுறீங்களா? தூங்குறீங்களா?" என்றார். பரவாயில்லை என்றேன். "அப்ப அந்தப் பேய்களுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க. ஆனா என்கிட்ட வர்றத நிறுத்தாதீங்க" என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

எனக்கென்று தனிக் கணக்கு தொடங்கினேன். பெயர் கேட்டது. கிரேன்காரன்.

"அக்கா பேர அழிச்சிட்டீங்களா?" அஃப்ரோஸ் பதறினாள்.

"அழிக்கல. நண்பர்கள் லிஸ்ட்ல சேத்திருக்கேன்." மைக்கில்தான் சொன்னேன்.

உப்புமூட்டை என்ற பெயர் எங்கள் மூன்று பேர் திரையிலும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. இருக்கட்டும்.

தாமஸை இன்று நான்தான் கூப்பிட்டேன். வந்தான். மூக்குக்கு நேரே நின்றான். இமைக்கக்கூட இல்லை நான். கீழிருந்து மேலே வரை அந்த ஆஸ்பத்திரி முழுக்க விளக்கு எரிந்தது. ஜன்னல் ஜன்னலாக, கப்பல் துறைக்கு வருகிற மாதிரி. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் பார்த்திருக்க வேண்டியது.

"உப்பு இருந்தா இப்ப என்னா சொல்லிருக்கும்?" என்றான் லிங்கேஸ்.

"ரெண்டாவது ரவுண்டு போலாமான்னு கேட்ருப்பா" என்றாள் அஃப்ரோஸ்.

போனோம்.

நவம்பர் 2, சனி

காலையில் வேலை. மதியம் அத்தை வீட்டில் சாப்பாடு. அத்தை செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் வாங்கி வைத்திருந்தார். "நீங்க முன்னால போங்க, நான் மெழுகுதிரி வாங்கிட்டு வாரேன்" என்று அனுப்பினேன். மெழுகுதிரி ஏற்கனவே பையில் இருந்தது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் திருவிழாக் கூட்டம். பலூன்கூட விற்றார்கள். உள்ளே எல்லாக் கல்லறையிலும் பூவும் தீயுமாக இருந்தது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு லிஃப்டுக்குள் அடித்த மாதிரி அடித்தது. கால் தானாகத் திரும்பியது. பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே இருந்தது.

ஓடினால் துரத்தும். அது தெரிந்துதானே இருக்கிறது.

நடந்தேன். அத்தை மண்ணைத் தட்டிப் பூவை அடுக்கிக்கொண்டிருந்தார். கல் புதிதாக, கறுப்பாக, எழுத்தில் இன்னும் வெள்ளைப் பொடியோடு. கடல் காற்றில் மெழுகுதிரி நிற்கவே இல்லை. கொளுத்தக் கொளுத்த அணைந்தது. தீக்குச்சியும் தீர்ந்தது. சும்மா நின்றேன். அசையாமல் நின்றேன். பிறகு கூப்பிட்டேன்.

"ஜெனோவா."

பக்கத்துக் கல்லறைக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. "ஜெனோ." யாரும் வரவில்லை. முகத்துக்கு நேரே எதுவும் நிற்கவில்லை. ஆனாலும் நகரவில்லை. அத்தை எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், இறுக்கமாக, பெல்ட்டுக் கொக்கி மாதிரி.

பக்கத்துக் குடும்பத்துப் பெண் அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றையும் தீப்பெட்டியையும் நீட்டினாள். "காத்துக்கு இதக் கவுத்தி வைங்கண்ணே, நிக்கும்." கவிழ்த்து வைத்தேன். நின்றது. இருட்டுகிறவரை நின்று எரிந்தது.

பஸ்ஸில் வரும்போது அஃப்ரோஸ் செய்தி அனுப்பினாள், எங்கள் மூன்று பேர் குழுவில்.

போனீங்களாண்ணே?

போனேன்.

பயமா இருந்துச்சா?

ஆமா.

ஓடுனீங்களா?

டைப் செய்யப் பிடிக்கவில்லை. மைக்கை அழுத்தி, பஸ் இரைச்சலுக்கு மேலாகச் சொன்னேன். "இல்லம்மா. நின்னேன். ஜெனோவாவ கூப்ட்டேன்."

பிறகு ஈப்போவிலிருந்து ஒரு வரி வந்தது.

மைக் சூப்பரா கேக்குது பாஸ்.